குளியலறை டைல்ஸ் ஓரம்: 45 டிகிரி வெட்டா, உலோகப் பட்டையா?

டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் வேலையின் தரம் தெரிவது ஓரங்களில்தான். நடுச்சுவர் நூல் பிடித்த மாதிரி இருந்தாலும், ஜன்னல் பக்கம் டைலின் உள்மண் பல்லை இளித்துக்கொண்டு நின்றால் வேலை பாதியில் விட்டது போலத்தான் இருக்கும். இதை மறைக்கப் பல வழிகள் உண்டு. ஆனால் போட்டி முக்கியமாக இரண்டுக்குள்தான்: டைலையே 45 டிகிரியில் சீவிச் சேர்ப்பது, அல்லது ஓரத்தில் உலோக ட்ரிம் வைப்பது.

பார்க்க அழகு எது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் 45 டிகிரி வெட்டுதான். வெளிமூலையில் இரண்டு டைல்ஸும் ஒரே கல்லைக் குடைந்தது போலச் சேரும், நடுவில் வேறு பொருளே தெரியாது. ஆனால் அதைத் தாங்குகிற டைல் வேண்டும். போர்சலின் டைல் நீரை 0.5 சதவீதம் வரைதான் உறிஞ்சும். அவ்வளவு இறுக்கமான உடம்பு. சுவருக்கென்றே வரும் சாதாரண செராமிக் டைல் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும்; உள்மண் மெத்தென்று இருக்கும், மேலே மெல்லிய கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற பூச்சு, மட்டும்தான் கடினம். அதைச் சாய்வாகச் சீவும்போது கிளேஸுக்கு அடியில் பிடிமானம் போய்விடுகிறது. பிளேடு படும்போதே பொடிப்பொடியாகத் தெறிக்கும். தெறிக்காமல் தப்பித்தாலும், பிற்பாடு வாளி ஒரு முறை இடித்தால் முழங்கால் உயரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதை ஒட்டுப்போட்டுச் சரி செய்வது மிகக் கஷ்டம்.

போர்சலினிலும் கத்தி முனை போலச் சீவக் கூடாது. முகப்பில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நேர் விளிம்பை விட்டு, அதற்குப் பின்னால் 45-ஐவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சாய்த்து வெட்டினால் பின்பக்கம் முட்டாமல் முன்பக்கம் சுத்தமாகச் சேரும். இடைவெளியை அதே நிற எபாக்ஸியால் (கெட்டியாக இறுகும் பிசின்) நிரப்பி, கூர் போகும்வரை லேசாகத் தேய்த்துவிட வேண்டும். கை தேர்ந்தவர் கிடைத்தால் மட்டும் இதில் இறங்குங்கள். முதலில் உடைந்த டைலில் ஒரு மூலை வெட்டிக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

ட்ரிம் இந்த அளவுக்குப் படுத்தாது. எல் வடிவப் பட்டையின் துளை போட்ட கால் டைலுக்கு அடியில் பசையில் புதைந்துவிடும், வெளியே ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். ஓரம் இடி வாங்கினாலும் உலோகம்தான் வாங்கும். அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 8 மி.மீ. டைலுக்கு 8 மி.மீ. ட்ரிம் வாங்கினால், பசையின் கனம் சேர்ந்ததும் டைல் பட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், 10 மி.மீ. எடுப்பதுதான் வழக்கமாகச் சரியாக வரும். டைலுக்கும் பட்டைக்கும் நடுவே 2 மி.மீ. விட்டு கிரவுட், அதாவது இடுக்கை நிரப்பும் பூச்சு, போட வேண்டும். ஒரு விஷயத்தை மறந்தே போகக் கூடாது: டைல்ஸுக்கு முன்னாலேயே ட்ரிம் கையில் இருக்க வேண்டும். ஒட்டி முடித்தபிறகு மேலே பசை தடவி ஒட்டும் பட்டை, எப்படிப் பார்த்தாலும் ஒட்டுவேலைதான்.

அலுமினியம் மலிவு, நிறங்களும் நிறைய. ஆனால் சிமெண்டின் காரமும் ஆசிட் கிளீனரும் அதற்கு ஆகாது. கிரவுட் பட்டதும் துடைக்காவிட்டால் கறை நிரந்தரம். தினமும் தண்ணீர் கொட்டும் இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் சொல்வேன். பிவிசி பட்டை நாளாக ஆக மஞ்சளாகும்; வாடகை வீட்டுக்கு வேண்டுமானால் போதும்.

உருட்டு விளிம்பு டைல் கிடைத்தால் நல்லதுதான். கையில் படும்போது இதமாக இருக்கும். ஆனால் நாம் எடுத்த அதே நிறத்தில் கிடைப்பது அபூர்வம். நிறம் சற்றே மாறினாலும் மூலையில் பட்டையாகத் தெரியும் என்பதால், பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுவது மேல்.

என் தேர்வு: வெளிமூலை, ஜன்னல் ஓரம், சோப்பு மாடம் எல்லாவற்றுக்கும் ஸ்டீல் ட்ரிம். போர்சலினும் நல்ல கையும் சேர்ந்து அமைந்தால், இடிபடாத மாடத்துக்கு மட்டும் 45 டிகிரி. உள்மூலைக்கு இந்தப் போட்டியே வேண்டாம். அங்கே கிரவுட் விரிசல் விடும், ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கான் சீலன்ட்தான் சரி. பாதிச் சுவரோடு டைல்ஸ் நின்றால் மேல் விளிம்புக்கும் அதே ட்ரிம்மை ஓட்டிவிடலாம். அப்புறம் அந்தப் பட்டையும் சுவரும் சேரும் கோட்டில் மட்டும் சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. அக்ரிலிக் சீலன்ட் போட்டால் சுவரோடு சேர்த்தே பெயிண்ட் அடித்துவிடலாம்.