ஆபா ஆப்: போதைச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் கோப்புக்குச் சரிவருமா?

பழைய சகவாசம் விட்டுப்போகட்டும் என்று பெங்களூரிலிருந்து பிள்ளையை ஊர்ப்பக்கம் ஹாஸ்டலுக்கு அனுப்புவது அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழ் வீடுகளில் புதிதல்ல. மாநில எல்லையான அத்திபெலேயைப் பையன் தாண்டிவிடுவான், மருத்துவக் கோப்பு தாண்டாது. ஓசூரிலோ வேலூரிலோ உட்காரும் டாக்டர் மறுபடி முதலிலிருந்து கேட்பார், பையன் பாதியைச் சொல்வான். இந்த இடைவெளியை அடைக்க, மருத்துவப் பதிவுகளைப் பகிர உதவும் அரசின் ஆபா ஆப் உதவுமா என்று மட்டும் பார்க்கிறோம். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம்.

2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க எண்தான் ஆபா. ஆவணங்கள் டெல்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நீங்கள் சம்மதித்தால் மட்டும் இன்னொரு இடத்துக்குப் போகும். இந்த அமைப்பு நல்லது, மூன்றில் இரண்டு மதிப்பெண் இதற்கே.

எண் எடுப்பது சுலபம். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வந்தால் போதும். 15 வயதில் செய்யவேண்டிய கைரேகைப் புதுப்பிப்பைப் பலர் மறந்திருப்பார்கள். ஆதார் மையத்துக்குப் போகும்போது அதையும் மொபைல் எண்ணையும் ஒரே நடையில் முடித்துவிடுங்கள்.

சிக்கல் பழைய சீட்டுகளை இணைக்கும்போதுதான். பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, மொபைல் ஆகியவற்றை வைத்து மருத்துவமனையின் கணினி தேடும். நம் இனிஷியல் இங்கே காலை வாரிவிடும். ஆதாரில் "கார்த்திக் எஸ்", ஓபி சீட்டில் "எஸ் கார்த்திக்", பள்ளிச் சான்றில் அப்பா பெயரோடு முழுசாக. போதாக்குறைக்கு, சேர்க்கும்போது அவசரத்தில் மாமாவின் நம்பர் கொடுத்திருப்பார்கள். "பதிவு எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தால் ஆப்பைத் திட்டிப் பயனில்லை. பதிவு கவுண்டரில் பெயரையும் நம்பரையும் ஆதாரில் உள்ளபடி திருத்தச் சொல்லி, ஆபா எண்ணையும் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனை திட்டத்தில் சேராவிட்டால் இணைப்பும் கிடையாது.

இனி சம்மதத் திரை. புது மருத்துவமனை கேட்கும்போது நோக்கம், ஆவண வகை, எந்தத் தேதி முதல் எதுவரை, எப்போது காலாவதி என்ற நான்கும் தெரியும். வந்ததை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் தேதிகளைச் சுருக்குங்கள், காலாவதியை ஒரு வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். வகையாகவும் வருகையாகவும் பிரிக்க முடியுமே தவிர, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியை மட்டும் மறைக்க முடியாது. பல்வலிக்குப் போன இடத்துக்கு அந்தச் சம்மரியை அனுமதித்தால் கஞ்சா வரியும் கூடவே போகும். அமெரிக்காவில் போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்கென்று தனிச் சம்மத விதி உண்டு. இங்கே ஆப்பில் அப்படியொரு தனிப் பூட்டு இல்லை. சம்மதத்தை ரத்து செய்தால் இனி எடுப்பது நிற்கும், ஏற்கெனவே பிரிண்ட் எடுத்தது திரும்பி வராது.

ஆகவே ஆப்பைவிட முக்கியம் அந்தச் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது என்பது. நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டில் (ஐசிடி-10) கஞ்சாவுக்கு எஃப் 12, ஓபியாய்டுக்கு (அபின் வகைப் பொருள்களுக்கு) எஃப் 11, தின்னர், வைட்னர் மாதிரி முகரும் பொருளுக்கு எஃப் 18. புள்ளிக்குப் பின் 1 என்றால் தீங்கான பயன்பாடு, 2 என்றால் அடிமைநிலை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த ஓர் எண் லேசான விஷயமில்லை. டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். மருந்துகள் கம்பெனிப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரிலும் மில்லிகிராமிலும் இருக்கட்டும்.

டபென்டடால் போன்ற வலி மாத்திரைப் பழக்கம் என்றால் கடைசியாகப் போட்ட தேதி கட்டாயம் வேண்டும். ஓபியாய்டு உடம்பில் மிச்சமிருக்கும்போது, அதன் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தைக் கொடுத்தால் விலகல் அவஸ்தை (போதையை நிறுத்தும்போது உடம்பு படும் பாடு) ஒரேயடியாக வந்து தாக்கும், அதனால்தான் பொதுவாக 7 முதல் 10 நாள் இடைவெளி விடுகிறார்கள். நால்ட்ரெக்ஸோனில் இருக்கும் பையன் பைக்கிலிருந்து விழுந்தால் வழக்கமான ஓபியாய்டு வலி ஊசி சரியாக வேலை செய்யாது. அந்த நேரத்தில் யார் ஓடிபிக்குக் காத்திருப்பது? நால்ட்ரெக்ஸோன் எடுப்பதாகப் பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

காகிதப் பிரதியையும் விடாதீர்கள். 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். ஆனால் உள்நோயாளிப் பதிவை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான். 15 வயதில் சேர்த்த பிள்ளைக்கு 18 வயதில் கோப்பு கிடைக்காமல் போகலாம்.

கடல் தாண்டினால் ஆபாவின் சம்மத வழி இல்லை, பிடிஎஃப்தான். அமீரகத்துக்கு மனநல மாத்திரையோடு போகிறவர்கள், அது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருந்தால், முன்அனுமதி வாங்கிவிட்டே பெட்டி கட்ட வேண்டும்.

ஆப் அப்பாவின் போனில் இருந்தால் பிள்ளை டாக்டரிடம் சொன்னதெல்லாம் அப்பா கண்ணில் படும். மைனருக்குச் சட்டப்படி பாதுகாவலர்தான் பிரதிநிதி, மறுக்க முடியாது. ஆனால் இதைத் தெரிந்த பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. எதைச் சம்மரியில் எழுதுவது, எதைப் பேச்சோடு விடுவது என்பதை டாக்டர் முன்னிலையில் மூவரும் பேசிக்கொள்ளலாம். 18 நிறைந்த அன்றே கணக்கின் மொபைலையும் பின் எண்ணையும் பிள்ளையின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இடையில் ஊரிலிருந்தே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 தமிழிலும் எடுக்கும். அதற்கு ஆபா தேவையில்லை.