ஸ்பேர் துப்பாக்கியா ஒத்தக்குழல் வாங்கலாமா? 4 வருசம் வெச்சிருந்தவன் சொல்றது

கோவிந்தாபுரத்துல இருந்து எங்க மாப்ள ஒருத்தன் போன வாரம் கூப்பிட்டு, "மாமா, உங்க ஒத்தக்குழல் மாதிரியே ஒண்ணு கம்மி விலைக்கு வருது, ஸ்பேருக்கு எடுத்துப் போட்டுரட்டுமா"னு கேட்டான். எடுக்காதன்னு சட்டுனு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான், அப்ப கோவத்துல இருந்தேன், சரியா பதில் சொல்ல வரல. என்னோடது ரிப்பேர்ல இருந்து வந்து மூணு நாள்தான் ஆயிருந்துச்சு. இப்ப நிதானமா எழுதறேன், முடிஞ்ச வரைக்கும் நியாயமா.

இது வேட்டைக்குப் போறதப் பத்தி இல்ல. அதெல்லாம் 1972ல வந்த வனவிலங்குச் சட்டத்தோட முடிஞ்சு போச்சு. எங்க பாலக்காட்டு முதலமடைப் பக்கம் நெல்லியாம்பதி மலை அடிவாரத்துல கப்பயும் (மரவள்ளி) கடலையும் போட்டவங்க பாடு வேற. 2022 மே மாசம் கேரள அரசு முடிவெடுத்து, காட்டுப்பன்னியச் சுட உத்தரவு போடற அதிகாரத்தப் பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயே குடுத்துச்சு. லைசன்ஸ் துப்பாக்கி இருக்கறவங்கள லிஸ்ட்ல சேத்து வெச்சிருப்பாங்க, உத்தரவு வந்தா போவோம், சுட்டதக் குழி வெட்டி மண்ணெண்ணெய் ஊத்திப் புதைச்சுட்டு வருவோம். கறி ஒரு துண்டு எடுக்கக்கூடாது.

நான் எப்பவும் தூக்கறது அப்பா காலத்து இங்கிலீஷ் ரெட்டைக்குழல். அதுக்கு 2021ல ஒரு ஸ்பிரிங் ஒடிஞ்சு, கடைல கிடைக்காம ஆர்மரர் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கையால அடிச்சுக் குடுக்க நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் பன்னி வந்து தின்னுட்டுப் போறத டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன். அதுலதான் ஸ்பேர் ஒண்ணு வேணும்னு முடிவு பண்ணி, செகண்ட் ஹேண்ட்ல 18,000 ரூபாய்க்கு இந்த 12 போர் ஒத்தக்குழல வாங்கி லைசன்ஸ்ல ஏத்துனேன். கம்பெனி பேர் வேண்டாம், இந்த விலைல வர்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான்.

நல்லதச் சொல்லிர்றேன், ஏன்னா நெறைய இருக்கு. ரெட்டைக்குழல் 3 கிலோவுக்கு மேல, இது அரைக்கிலோ கம்மி, ராத்திரி முழுக்க வரப்பு மேல நடக்கறப்ப தோள்ல அந்த வித்தியாசம் தெரியும். குதிரை (விழுந்து தோட்டாவ வெடிக்க வெக்கற சுத்தி) வெளிய தெரியற மாடல், அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, குதிரை எழும்பி இருக்கா படுத்து இருக்கான்னு இருட்டுல கட்டை விரலால தடவியே தெரிஞ்சுக்கலாம், பக்கத்துல டார்ச் புடிச்சுட்டு ஆள் நடக்கறப்ப அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு கூட நடந்தவங்களுக்குத்தான் புரியும். பாகம் கம்மி, கெட்டுப்போக ஒண்ணும் இல்ல. உதை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, எடை கம்மின்னா அப்படித்தான், எல்ஜி தோட்டா (பெரிய ஈயக் குண்டு போட்டது) போட்டா தோள் ரெண்டு நாளைக்குச் சொல்லும். பழைய ஹவாய் செருப்பு ரப்பர வெட்டிக் கட்டைக்குப் பின்னால ஒட்டுனேன், சரியாயிருச்சு.

ஒரே ஒரு தடவ வெடிக்காம போச்சு. மார்கழி விடியக்காலம், குதிரை விழுந்துச்சு, வெறும் டிக்குனு சத்தம். கழட்டிப் பாத்தா தோட்டாவக் குத்தற ஊசிக்குள்ள நான் விட்ட தேங்காண்ணெய் குளுந்து உறைஞ்சு கெடக்கு. நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல டிசம்பர்ல பாட்டில்ல இருக்கற எண்ணெயே கட்டியாயிரும், அது துப்பாக்கி மேல தப்பில்ல. அன்னைல இருந்து தையல் மிசின் எண்ணெய்தான், அதுவும் ரெண்டே சொட்டு.

தோட்டா விசயம் ஒண்ணு, இது உசுரு சம்பந்தப்பட்டது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கில பெரும்பாலும் சேம்பர், அதாவது குழல்ல தோட்டா உக்கார்ற எடம், 65 மில்லிமீட்டர்தான் இருக்கும், இப்ப வர்றதுல பெரும்பாலும் 70. எழுபது தோட்டா அறுபத்தஞ்சு சேம்பர்குள்ள அழகாப் போய் உக்காந்துக்கும், ஏன்னா மடிச்சு மூடின தோட்டா நீளம் கம்மி, வெடிச்சு வாய் விரியறப்பதான் முழு 70 ஆகும். விரிய எடமில்லாம முன்னால போய் நெருக்கும், பிரசர் ஏறும், பழைய குழல் தாங்காது. ரெண்டு துப்பாக்கியும் ஒரே பையில தோட்டா எடுக்கறப்ப இருட்டுல மாறிப்போச்சுன்னா? அதனால நான் ரெண்டுக்கும் சேத்து 65 மட்டும்தான் வாங்கறேன், பெரிய சேம்பர்ல சின்னத் தோட்டா போட்டா தொந்தரவு இல்ல. ஸ்பேர் வாங்கறவங்க விலையக் கேக்கறதுக்கு முன்னால குழலுக்கு அடியில சேம்பர் நீளத்துக்கான முத்திரை என்னன்னு பாருங்க.

இனி என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். கேஸ், அதாவது வெடிச்ச தோட்டாவோட கூடு, வெளிய வராது. வெடிச்சதுக்கப்புறம் லீவரத் தள்ளி மடக்குனா எக்ஸ்ட்ராக்டர்ங்கற பாகம் கேஸக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கணும், நாம விரல்ல எடுத்துப் போட்டுட்டு அடுத்தது போடணும். வெயில் காலத்துல வரும். ஆனிலயும் ஆடிலயும் வராது. அட்டைத் தோட்டா ஈரத்துல ஊதிக்கும்னு நெனச்சுட்டு நாலு வருசமா இடுப்புல ஒரு பாக்கு மரச் சிலாக வெச்சுக்கிட்டே திரிஞ்சேன், குழல் வாய் வழியா விட்டுக் குத்தித் தள்றதுக்கு. பிளாஸ்டிக் கேஸ் போட்டுப் பாத்தேன், கொஞ்சம் பரவால்ல, ஆனா பத்துல மூணு அதுவும் சிக்கும்.

இந்த ஆடில சுள்ளியாறு டேம் பக்கத்துல ஒரு அக்காவோட கப்பத் தோட்டம். ரெட்டைக்குழல் மறுபடி ரிப்பேர்ல இருந்துச்சு, இதத்தான் எடுத்துட்டுப் போனேன். மழை விட்டு பத்து மணி இருக்கும், மூணு பன்னி உள்ள வந்துச்சு. பெருசு இருபது மீட்டர்ல நின்னுச்சு, சுட்டேன். குண்டு கொஞ்சம் பின்னால பட்டுருச்சு, அது என் தப்பு, துப்பாக்கியச் சொல்ல மாட்டேன். சத்தம் போட்டுக்கிட்டு சுத்துச்சு, ரெண்டாவது வெடி உடனே போட்டிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். மடக்குனேன். பித்தளைத் தலை நக அளவு மேல வந்துட்டு நின்னுருச்சு. விளிம்புக்கு அடியில நகத்தக் குடுத்து இழுத்தேன், நகம் பிளந்து ரத்தம் வந்துச்சு, கேஸ் அசையல. சிலாக எடுத்து முன்னால விட்டுக் குத்தறதுக்குள்ள அது வேலியத் தாண்டி மூங்கில் புதர்குள்ள போயிருச்சு. அடிபட்ட பன்னிக்குப் பின்னால இருட்டுல யாரும் போகக்கூடாது, விடியற வரைக்கும் ஓலைக் குடிசைல உக்காந்திருந்தோம். காலைல கனால் ஓரத்துல கெடந்துச்சு. கால் ரெண்டும் சேத்த வறண்டி வறண்டி அரை வட்டமா ஒரு பள்ளமே பண்ணியிருந்துச்சு. எவ்வளவு நேரம் அப்படிக் கெடந்துச்சுன்னு தெரியல. சுடறது எங்க வேலை, அப்படிக் கெடக்க விடறது எங்க வேலை இல்ல. அந்தப் பள்ளம் இன்னும் கண்ணுல இருக்கு.

அடுத்த நாளே ஆர்மரர்கிட்ட கொண்டு போனேன். அவர் எக்ஸ்ட்ராக்டரத் தொடவே இல்ல. சேம்பர்குள்ள லைட் அடிச்சு என்னப் பாக்கச் சொன்னார், உள்ள சுத்தி அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. முன்னால வெச்சிருந்தவரு மழைக்காலத்துல ரெக்சின் உறைக்குள்ளயே போட்டு வெச்சு துரு புடிச்சு, அப்புறம் துருவ மட்டும் தொடச்சு வித்திருக்கார். வெடிக்கறப்ப கேஸ் விரிஞ்சு அந்தக் குழிக்குள்ள போய் புடிச்சுக்குது, ஈரம் பட்ட அட்டைன்னா இன்னும் இறுக்கமா. ஒரு மரக்குச்சில ரொம்ப நைஸ் எமரித் தாள எண்ணெயில நனைச்சுச் சுத்தி, அரை நாள் பாலிஷ் பண்ணிக் குடுத்தார். வாங்கறப்ப என்ன பண்ணியிருக்கணும்னு அவரே சொன்னார்: கொஞ்சம் பஞ்ச எடுத்துக் குச்சில சுத்தி சேம்பர்குள்ள திருப்பிப் பாக்கணும், பஞ்சு இழை இழையா ஒட்டிக்கிட்டு வந்தா குழி இருக்குன்னு அர்த்தம். அப்படியே குழலுக்கு அடியில இருக்கற கைப்புடி மரத்தக் கழட்டிட்டுக் குழல ஆட்டிப் பாத்தா கீல் தேஞ்சிருக்கறதும் தெரிஞ்சுரும். அஞ்சு நிமிசம். நான் வாங்கறப்ப குழல் வாய்ல இருந்து பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு, அதோட விட்டுட்டேன்.

அப்ப தப்பு இந்த மாடல் மேல இல்லயே, நல்லதா ஒண்ணு பாத்து வாங்கலாமேன்னு மாப்ள கேப்பான். நியாயந்தான். ஆனா 2019 கடைசில ஆயுதச் சட்டத்தத் திருத்தினப்ப ஒரு ஆளுக்கு 3 துப்பாக்கிங்கறத 2 ஆக்கிட்டாங்க. ஸ்பேர்னு நெனச்சு எடுக்கறது சும்மா ஒரு மூலைல சாத்தி வெக்கற சாமான் இல்ல, லைசன்ஸ்ல உங்களுக்கு இருக்கற கடைசி எடம் அது. அந்த எடத்துல நான் ஒத்தக்குழல உக்கார வெச்சுட்டேன், இப்ப நல்ல ரெட்டைக்குழல் ஒண்ணு வந்தாலும் இத வித்துப் பர்மிசன் வாங்காம எடுக்க முடியாது, அதுக்குக் கலெக்டரேட்டுக்கு எத்தன நடை நடக்கணுமோ. ஸ்பேர்னா கூட வர்ற ஆள் கைல குடுத்துக்கலாம்னும் சில பேர் நெனைக்கறாங்க, லைசன்ஸ் இல்லாத ஆள் கைல சுடறதுக்குக் குடுத்தா போலீஸ் கேஸ் ஆயிரும். எந்த ராத்திரியும் உங்க கைல இருக்கறது ஒண்ணுதான், அந்த ஒண்ணுல ரெண்டாவது வெடி இருக்கணும். காசு சேத்து வெச்சு, ஒரு வருசம் பொறுத்தாலும் பரவால்ல, ரெட்டைக்குழலே பாருங்க.

நேத்தும் பஞ்சாயத்துல இருந்து போன் வந்துச்சு. ரெட்டைக்குழல் இன்னும் வரல, இதத்தான் எடுத்துட்டுப் போனேன், நல்ல மழை வேற. ஒரு வெடி, நின்ன எடத்துலயே விழுந்துச்சு, மடக்குனேன், கேஸ் தானா மேல வந்துச்சு, ரெண்டு விரல்ல எடுத்துப் போட்டேன். சிலாக வீட்டுலயே விட்டுட்டுப் போயிருந்தேன். அப்பவும் மாப்ள, உனக்கு இது வேண்டாம்.