மீன்தொட்டி ஃபில்டர் "ரீசார்ஜ்": கோவைக்காரங்க கொஞ்சம் உஷாரா இருங்க

தொட்டி சர்வீஸுக்கு ஆள் கூப்பிடறவங்க, இதைப் படிச்சுட்டுக் கூப்பிடுங்க.

எங்க கோல்டுஃபிஷ் தொட்டிக்கு ஒரு கடையில வருஷ கான்ட்ராக்ட் போட்டிருந்தோம். போன மாசம் வந்த பையன் கேனிஸ்டரை, அதாவது ஃபில்டர் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணினான். "மீடியா எல்லாம் செத்துப் போச்சுங்ணா. புதுசு வாங்காதீங்க, ரீசார்ஜ் பண்ணிக்கலாம்." மீடியான்னா ஃபில்டருக்குள்ள தண்ணியைச் சுத்தம் பண்ற பொருளுங்க. அழுக்கை உறிஞ்சற ரெசின் மணி போட்ட பை, செராமிக் வளையம், கார்பன், மூணுக்கும் சேர்த்து 1,800 ரூபாய். நான் ஆபீஸ்ல. வீட்ல அம்மா மட்டும்.

அவன் என்ன பண்ணினான்னு அம்மா சொல்லித்தான் தெரியும். பின்னாடி துணி துவைக்கிற கல்லுகிட்ட ஒரே பக்கெட்ல பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு மூணையும் முக்கியிருக்கான். உப்புத்தண்ணியால ஃபில்டர் மூடியில படிஞ்ச வெள்ளைக் கறை போகலைன்னு, அதே பக்கெட்ல பாத்ரூம் ஆசிட்டையும் ஊத்தியிருக்கான்! பிளீச்சிங்ல ஆசிட் பட்டா குளோரின் வாயுதான் கிளம்பும். அம்மா இருமி இருமி, கண்ணெரிச்சலோட வாசலுக்கு ஓடி வந்திருக்காங்க. மீன் கதையை விடுங்க, எனக்கு இதுதான் இன்னும் ஆறலை.

சாயந்திரம் நான் வரும்போது வளையமெல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. தொட்டி பக்கத்துல போனா நீச்சல்குள வாடை. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு, செவுள் ரத்தச் சிவப்பு. விடியறதுக்குள்ள ஒராண்டாங்கற கோல்டுஃபிஷ் வகையில பெருசா இருந்த ரெண்டும் செத்துப் போச்சு. குடிதண்ணியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும்ங்கறது இந்தியத் தர விதி. அந்தளவே மீனுக்கு ஆகாது. பிளீச்சிங்ல ஊறின மீடியாவை அப்படியே மாட்டினா கேக்கவே வேண்டாம்.

மிச்ச மீனுக்கு ரெண்டாவது அடி அப்புறம்தான் விழுந்துச்சு. அந்த வளையத்துல இருந்த பழுப்பு வழவழப்பு அழுக்கில்லைங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டாவும் நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா குடியிருக்கற இடம். அது மொத்தமா செத்துப் போச்சு. டெஸ்ட் கிட்ல அம்மோனியா கரும்பச்சை காட்டுச்சு. பிளீச்சிங் பவுடரோட சுண்ணாம்பு, தண்ணியோட காரத்தன்மையைக் காட்டற பிஹெச்சையும் ஏத்திவிட்டுடுச்சு. பிஹெச் ஏறினா அம்மோனியா இன்னும் கொடிய விஷம்.

இதுல நிஜமாவே பிளீச்ல ரீசார்ஜ் ஆகறது ப்யூரிஜன்னு ஒரு பிராண்ட் விக்கறாங்களே, அது மாதிரி ரெசின் மட்டும்தான். அதுக்கும் பவுடர் ஆகாது. வாசனையோ சோப்போ சேராத திரவ பிளீச்சும் தண்ணியும் சரிபாதி கலந்து, உலோகமில்லாத பாத்திரத்துல 24 மணி நேரம் ஊறணும். நல்லா அலசி, குளோரின் முறிக்கிற மருந்தைத் தாராளமா கலந்த தண்ணில இன்னொரு எட்டு மணி நேரம். ஆக, அரை மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்னு எவன் சொன்னாலும் பொய். முறிக்கிற மருந்துலயும் மீன் தோலுக்குன்னு வழவழப்பு சேர்த்தது வேண்டாம், ரெசினைக் கெடுத்துடும். துளி வாடை அடிச்சாலும் திரும்ப ஊறப் போடுங்க. குழாயடியில மாநகராட்சி ஆளுங்க சொட்டு விட்டு மஞ்சள் பார்ப்பாங்களே, அந்தச் சோதனை மருந்து கிடைச்சா இன்னும் நல்லது.

செராமிக் வளையத்தை, தண்ணி மாத்தும்போது எடுக்கற தொட்டித் தண்ணியிலயே லேசா அலசினாப் போதும். சிறுவாணித் தண்ணின்னாலும் குழாயில நேராக் காட்டாதீங்க, அதுலயும் குளோரின் உண்டு. அம்மோனியாவை உறிஞ்சற ஜியோலைட் கல் இருந்தா உப்புத் தண்ணியில ஊற வைக்கலாம். அது போர் தண்ணி இல்லைங்க, கல்லுப்பு கரைச்ச தண்ணி. கார்பனை வீட்ல ரீசார்ஜ் பண்ணவே முடியாது. ஃபேக்டரி சூளையில 800 டிகிரி பக்கம் காய்ச்சணும். எனக்குப் பழைய கார்பனையே கழுவிப் புது வலைப்பையில கட்டிக் கொடுத்திருந்தான்.

கடைக்காரரைக் கேட்டா, "உங்க போர் தண்ணிதானுங்க காரணம். வேணும்னா ரெண்டு கோல்டுஃபிஷ் தர்றேன், எடுத்துக்கோங்க"ன்னார். செத்த ஃபில்டர்ல புது மீனை விட்டா அதுவும் சாகும். வேண்டாம்னுட்டேன்.

பில்லுல "மீடியா ரீசார்ஜ் 1,800"ன்னு எழுதி வாங்கியிருந்ததால தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. பதில் இன்னும் வரலை. சிநேகிதர் ஒருத்தர் தன் தொட்டியிலிருந்து கொஞ்சம் பழுப்பு வளையம் கொடுத்திருக்கார். அதை வெச்சு, தினமும் கொஞ்சம் தண்ணி மாத்தி, மிச்சமிருக்கற மீனை ஓட்டிட்டு இருக்கோம்.