மொத்த நேரமா, ஆளுக்கொரு நேரமா?

ஹட்டனில் மூன்று பேர் சேர்ந்து எல்ல, நுவரெலியா பக்கத்துத் தங்குவிடுதிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். வேலைகளைத் திட்டமிடும் மென்பொருளில் ‘முன்பதிவுப் பக்கம்’ என்று ஒரு பணி. அதற்கு 12 மணித்தியாலம் என்று ஒரே மதிப்பீடு போடுவதா, வடிவமைப்பவருக்கு 3, நிரல் எழுதுபவருக்கு 7, சோதிப்பவருக்கு 2 என்று பிரிப்பதா?

ஒரே எண் போடுவது சுலபம். வாடிக்கையாளருக்கு விலை சொல்ல அது போதும். ஜிரா என்ற அப்படியொரு மென்பொருளில் வழமையாக ஒரு பணிக்கு ஒரு பொறுப்பாளர்தான். பிரிக்க வேண்டுமானால் துணைப்பணிகள் போட வேண்டும். இன்னொன்றான கிளிக்அப்பில் ஒரே பணிக்குள் ஆளுக்கொரு நேரம் கொடுக்கலாம். மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டிலும் முடியும்.

பிரித்துப் போடுவதன் பலன் கிழமைத் திட்டம் போடும்போதுதான் தெரியும். வெறும் 12 என்றிருந்தால், நிரல் எழுதுபவர் ஏற்கெனவே மூச்சுமுட்ட வேலை வைத்திருப்பதும் சோதிப்பவர் சும்மா இருப்பதும் கண்ணில் படாது.

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெயருக்கு எதிரே எண்ணைக் கண்டாலே அரைப்பேர் ஞாபகம் வரும். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைநாள் சம்பளம்தானே! அந்தப் பயம் இருந்தால் எல்லாரும் நேரத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள். ஆகவே எண்ணை அந்தந்த ஆளே போடட்டும். சம்பளப் பேச்சில் அதை இழுக்கவே கூடாது.

என்னைக் கேட்டால், கைமாறும் பணிக்கு மட்டும் பிரிக்கலாம். ஒருவரே முடிக்கும் வேலைக்கு ஒரு எண் போதும். அரை மணித்தியாலத் திருத்தத்துக்கெல்லாம், சரி, எதுவுமே வேண்டாம்.