மவுண்டன் போர்டு: ஓடுவதைவிட நிற்பதுதான் பாடு

மவுண்டன் போர்டு என்பது புல் சரிவிலும் மண்பாதையிலும் நின்றபடி இறங்குவதற்கான, காற்று டயர் வைத்த ஸ்கேட்போர்டு. அதை வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது வேகத்தைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: புல் குட்டையாக இருக்கிற, அடிவாரம் சமதளமாக முடிகிற சரிவு உங்கள் வீட்டுப் பக்கத்தில் உண்டா? இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கிவிடுங்கள்.

எனக்கு அப்படியொரு சரிவு வாய்த்தது. தெற்கு லண்டனில் குரோய்டனில் குடியிருக்கிறேன். நார்த் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகள் அருகிலேயே இருக்கின்றன. சில ஆண்டுகளாக வெயிலிலும் குளிரிலும் ஒரே பலகையைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாதாரண ஸ்கேட்போர்டின் சக்கரம் ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டி உருளை. ஒரு கூழாங்கல் குறுக்கிட்டால் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் போய்க்கொண்டிருப்பார். மவுண்டன் போர்டில் 8 அங்குலக் காற்று டயர். கல்லும் மண்கட்டியும் ஒரு பொருட்டே இல்லை. பலகையின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கும், அந்தச் சாய்வில் டிரக்கை, அதாவது சக்கரங்களின் அச்சைத் தாங்கித் திருப்பும் பாகத்தை, பொருத்தியிருப்பார்கள். எடையைக் குதிகாலுக்கோ விரலுக்கோ மாற்றினால் டிரக் திரும்பும். ஸ்பிரிங் அதை மறுபடி நேராக்கும். பாதங்களுக்கு வார் உண்டு. கோடையில் பனி இல்லாமல் கை கட்டி உட்காரப் பிடிக்காத பனிச்சறுக்குக்காரர்கள் கண்டுபிடித்த விளையாட்டு இது. 1992, 1993 வாக்கில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முளைத்தது. 1993-இல் தொடங்கிய எம்பிஎஸ் என்ற அமெரிக்கப் பலகை நிறுவனத்தின் பெயர் இன்றும் இந்த விளையாட்டு வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும்.

புதியவர்கள் பிரேக் வைத்த பலகையைத் தேடுகிறார்கள். கையில் பிடிக்கும் லீவர், அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கேபிள். வேண்டாம் என்பது என் கட்சி. கேபிள் ஒருநாள் சிக்கும்; அப்போதும் நின்றாக வேண்டும். வழுக்கி நிற்பதை முதல் நாளிலேயே பழகிவிடுவது நல்லது. சரிவின் உச்சிக்கே போகாமல், அடிவாரத்திலிருந்து இருபது முப்பது அடி மட்டும் ஏறிப் பழகினால் போதும். முழங்காலை நன்றாக மடக்குங்கள். நாற்காலியில் உட்காரப்போவதுபோல் எடையைக் குதிகால்களுக்குக் கொண்டுபோய், பின்காலால் பலகையின் வாலை முன்னுக்குத் தள்ளுங்கள். பலகை சரிவுக்குக் குறுக்கே வந்துவிடும். முகம் பள்ளத்தைப் பார்க்கும், முதுகு மேட்டுப் பக்கம் இருக்கும். டயர்கள் புல்லைச் சீய்த்துக்கொண்டே வழுக்கி நிற்கும். பயத்தில் உடம்பு நிமிர்ந்தால்தான் வினை: டயர் சட்டென்று மண்ணைப் பிடித்து, ஆளைப் பள்ளத்துப் பக்கம் தூக்கி எறியும். பின்னால் அதிகமாகச் சாய்ந்தாலோ, பின்புறம் தரையில் படும், அவ்வளவுதான். எனவே சந்தேகம் வந்தால் உட்கார்ந்துவிடுங்கள். ஹெல்மெட்டுக்கு அடுத்தபடி மணிக்கட்டுக் காப்பும் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டையும் வாங்கச் சொல்வது இதனால்தான். முழங்கால் கவசம் அதற்குப் பிறகு.

காற்றழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். 20 பிஎஸ்ஐயில் ஓட்டம் மந்தம், பிடிப்பு அதிகம். அழுத்தம் ஏற ஏற வேகம் கூடும், வழுக்கி நிற்பதும் எளிதாகும். வேகத்துக்குப் பயந்து டயரை மிகவும் தளர்த்தினால் வழுக்கப் பழகுவது கடினமாகிவிடும். ஈரப்புல்லில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மழை நாளில் வீட்டில் இருங்கள்.

பராமரிப்பு பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. சுண்ணாம்பு மண்ணில் சிக்கிமுக்கிக் கற்கள் கத்தி விளிம்போடு கிடக்கும், டியூப் கிழியும். சக்கரம் இரண்டு பாதிகளாகப் பிரிகிற வகை. போல்ட்டைக் கழற்றினால் டியூப் கைக்கு வரும். திருப்பிப் பூட்டும்போது டியூபில் கொஞ்சம் காற்று இருக்கட்டும். இல்லாவிட்டால் இரு பாதிகளுக்கு நடுவே ரப்பர் மாட்டி, புது டியூபும் அன்றே போய்விடும். பேரிங் சக்கரத்துக்கு இரண்டு, ஆக எட்டு. பனித்துளியும் ஆட்டுச் சாணமும் உள்ளே போனால் கரகரவென்று சத்தம் கேட்கும். பலகை வாங்கும்போதே அச்சின் தடிமனைக் கேட்டுக்கொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் அச்சு என்றால் 6001 என்ற பொது அளவு பேரிங் எந்த பேரிங் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். 9.5 மில்லிமீட்டர் என்றால் தனியாகத் தேடிப்பிடித்து வாங்க வேண்டிவரும். வண்ணத்தையும் படத்தையும் பார்த்துப் பலகை தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பிரிங்கை முறுக்கினால் வேகத்தில் பலகை ஆட்டம் காணாது, ஆனால் வளைவது குறையும். உடல் எடைக்கேற்ப மாற்றிப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

இறங்குவது ஒரு நிமிடக் காரியம். ஆறேழு கிலோ பலகையைத் தூக்கிக்கொண்டு மேலேறுவது மூச்சு வாங்கும். நாயோடு நடை வருகிறவர்கள் தவறாமல் “மோட்டார் எங்கே?” என்று கேட்பார்கள். மோட்டார் பொருத்திய பலகைகளின் சந்தை இப்போது பெரிது. அதற்குப் பழகியவர்கள் விற்கும் மோட்டாரில்லாப் பலகைகள் பழைய பொருள் சந்தையில் நல்ல நிலையிலேயே கிடைக்கின்றன. முதல் பலகைக்கு அது போதும். வாங்கும்போது டயரின் பக்கங்களைத் தடவிப் பாருங்கள். குதிகால் பக்கமே வழுக்கி நிற்பவரின் டயர் ஒரு விளிம்பில் மட்டும் மழித்ததுபோல் தேய்ந்திருக்கும். டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் இன்னும் ஒரு பருவத்துக்கு வரும். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.