முன்பாரம் கேட்டு வாங்குங்கள்: குடும்ப வண்டியில் இழுக்கும் கேம்பர் டிரெய்லர்

நாமக்கல் மாவட்டத்தில் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலை ஒன்றில், ஒரு சிறு பட்டறை கேம்பர் டிரெய்லர்களையும், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் சென்று உள்ளே படுத்துக்கொள்ளும் வண்டிகளையும், செய்து தருகிறது. சென்ற மாசி மாதம் அங்கே 3,80,000 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினேன். ஈரோட்டிலிருந்து திருமூர்த்தி அணைக்கும் அமராவதி அணைக்கும், ஆனைமலையில் சொந்தக்காரர் ஒருவரின் தென்னந்தோப்புக்கும் என்று இந்தப் புரட்டாசி வரை ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் இழுத்துச் சென்றாகிவிட்டது. பட்டறையின் கைவேலையைப் பற்றி எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய மிக முக்கியமான ஒன்றை, அதாவது டிரெய்லரின் மூக்கு இழுக்கும் வண்டியின் கொக்கியை எத்தனை கிலோ அழுத்துகிறது என்ற முன்பாரத்தை, அவர்கள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

டிரெய்லர் கண்ணீர்த்துளி வடிவத்தில் 8 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்டது. உள்ளே உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் நெருக்கிப் படுக்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே படுக்க, நான் வெளியே மடக்குக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பின்கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை. ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங், 13 அங்குலச் சக்கரங்கள். அடிச்சட்டத்தின் வெல்டிங்கைக் குனிந்து பார்த்தால், பத்து டன் எடையைத் தாங்கும் வண்டிகளுக்கு வெல்டிங் வைத்துப் பழகிய கை என்பது தெரிகிறது. சாலையில் இதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் இன்னும் இது என்னவென்று விளங்கவில்லை. பல்லடத்தில் டீக்கடைக்காரர் ஒருவர், “ஏனுங்க, இது கோழிக்குஞ்சு ஏத்தற வண்டிங்களா?” என்று கேட்டார். பண்ணைகள் நிறைந்த ஊரில் அது நியாயமான கேள்விதான்.

இழுக்கும் வண்டி ஐந்து பேர் அமரும் சாதாரணக் குடும்பக் கிராஸ்ஓவர் கார். 1.5 லிட்டர் டீசல், 115 குதிரைத் திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஏறத்தாழ 1,350 கிலோ எடை. பட்டறையில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வண்டிக்கு எத்தனை குதிரைத் திறன் என்பதுதான். நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். ஆனால் இந்த அளவு டிரெய்லரை இழுப்பதற்கு இன்றைய டீசல் வண்டி எதுவும் திணறாது. நிறுத்துவதும், நேராக ஓட வைப்பதும்தான் விஷயம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். என் வண்டியின் கையேட்டில், டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. வெளிநாடுகளில் இதே வகை வண்டிகளுக்கு இத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று அச்சிட்டே தருகிறார்கள். அமெரிக்காவில் 2025 மாடல் வரை விற்ற டொயோட்டா ராவ்4-இன் சாதாரணப் பெட்ரோல் வகைக்கு அந்த வரம்பு 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோவாக இருந்தது. ஐரோப்பாவில் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் 750 கிலோ, அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதுவே எல்லை. என் வண்டிக்கு அந்தக் கணக்கில் 675 கிலோ வருகிறது. என் டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு, ஆனாலும் இந்தக் குறைந்த எண்களை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொண்டுதான் துணிந்தேன். ஆனால் கியர்பாக்ஸில் ஏதாவது கோளாறு வந்தால் வாரண்டி கேட்டுப் போக முடியாது என்பதைத் தெரிந்தே செய்கிறேன், நீங்களும் தெரிந்தே செய்யுங்கள்.

பங்குனியில் போன முதல் இரண்டு பயணங்களில் எந்தத் தொல்லையும் இல்லை. மூன்றாவது பயணம் ஆனி மாதக் கடைசியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மாதத்தில் தாராபுரம், உடுமலைப் பகுதியில் எப்படி வீசும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். தாராபுரம் தாண்டி 75 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பேருந்து எங்களை முந்தியது. அது பக்கவாட்டில் வந்தவுடன் காற்று ஒரு கணம் மறைந்து, கடந்து போனவுடன் மறுபடியும் வந்து மோதியது. டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கி, பிறகு வலப்பக்கம் வந்து, மூன்றாவது ஆட்டத்தில் என் வண்டியின் பின்சக்கரங்களையும் சேர்த்து இழுத்தது. கண்ணாடியில் டிரெய்லரின் சிவப்பு விளக்கு ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமுமாகத் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தது நினைவுக்கு வந்ததால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். 50-க்கு இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், மனைவி உடுமலை வரும்வரை பேசவில்லை.

அன்று மாலையே ஒரு தேங்காய் மண்டியின் எடை மேடையில் டிரெய்லரை ஏற்றிப் பார்த்தேன். வெறும் வண்டி 470 கிலோ என்று பட்டறையில் சொன்னது சரிதான். தண்ணீர், பாத்திரம், சிலிண்டர், மெத்தை, துணிமணி எல்லாம் சேர்ந்து 610 கிலோ. எடையில் தவறு இல்லை, அது பரவியிருந்த விதத்தில்தான் தவறு. வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரைச் சமமாக வைத்து, அதன் மூக்கைக் கட்டையின் மேல் இறக்கினால், கொக்கியின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறது என்பது தெரிந்துவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது எனக்கு 61 கிலோவாவது, அங்கே இருக்க வேண்டும். இருந்தது 21 கிலோ.

காரணம், 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைச் சமையல் மேடைக்கு அடியில், அச்சுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால் வைத்திருந்தார்கள். குழாய் பக்கத்தில் இருக்கிறது, தொட்டியும் பக்கத்தில் இருந்தால் வேலை சுலபம் என்பது அவர்கள் கணக்கு. கொக்கி அச்சிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் இருப்பதால், பின்னால் இருக்கும் அந்தத் தண்ணீர் மட்டும் கொக்கியிலிருந்து 20 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின்கதவை ஒட்டி இருக்கும் சிலிண்டரும் பாத்திரங்களும் இன்னொரு 15 கிலோவைத் தூக்குகின்றன. மூக்கு லேசாகிப் பின்புறம் கனத்த வண்டி, பக்கக் காற்றில் ஊசல் போல ஆடத்தான் செய்யும்.

பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, நோஸ் வெயிட் குறைவாக இருக்கிறது என்றேன், அவருக்குப் பிடிபடவில்லை. டங் வெயிட் என்றேன், அதுவும் பிடிபடவில்லை. கடைசியில், “முன்பாரம் இல்லைங்க, பின்பாரமா இருக்குது” என்றேன். “அட, முன்பாரங்களா! அதை மொதல்லயே அப்படிச் சொல்லக் கூடாதுங்களா?” என்றார். மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கிய குடும்பத்தில் பிறந்தவருக்கு, பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்த அந்த விஷயத்தைத் தான் கட்டிய டிரெய்லரோடு அவர் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். தொட்டியை அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் பெட்டிக்கு மாற்றி, குழாயை நீட்டித் தந்தார். கூலி வாங்கவில்லை. இப்போது முன்பாரம் 66 கிலோ. ஆடி மாதத்தில் அதே சாலையில் அதே காற்றில் போய் வந்தேன். பேருந்து முந்தும்போது ஒரு சிறு தள்ளல் இருந்தது, ஆட்டம் இல்லை. ஆனாலும் 65-க்கு மேல் போவதை விட்டுவிட்டேன்.

இந்த மாற்றத்தில் ஒரு சங்கடமும் உண்டு. தண்ணீர் தீர்ந்துபோனால் முன்பாரம் 41 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. எனவே திரும்பி வரும்போது பாதித் தொட்டியாவது நிரப்பிக்கொள்கிறேன். 66 கிலோ கொக்கியில் உட்காரும்போது பம்பருக்குப் பின்னால் ஓர் ஆள் ஏறி நிற்பதைப் போல வண்டியின் பின்புறம் தாழ்கிறது என்பதால், டிக்கியில் கனமான சாமான் எதுவும் வைப்பதில்லை.

டிரெய்லரின் பிரேக் ஓவர்ரன் வகை. முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் வந்து கொக்கியை முட்டும், அந்த முட்டலே கம்பியை இழுத்து டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும். மின்சாரம், கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் வேண்டாத எளிய ஏற்பாடு. சமதரையில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பின்னோக்கி எடுக்கும்போதும் டிரெய்லர் கொக்கியை முட்டத்தானே செய்யும்? தோப்புக் கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்தபோது சக்கரங்கள் இறுகி நின்றுவிட்டன. ஏதோ கல் தடுக்குகிறது என்று நினைத்துக் கால் மணி நேரம் கீழே குனிந்து தேடிய பிறகுதான், பிரேக்கைத் தற்காலிகமாக விலக்கிவைக்கும் சிறு நெம்புகோல் ஒன்று இருப்பதைக் கண்டேன். ரிவர்ஸ் எடுப்பதில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. டிரெய்லர் என் வண்டியைவிட ஒடுக்கமானது என்பதால் நேராக இருக்கும்வரை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது, தெரியும்போது ஏற்கெனவே மடங்கத் தொடங்கியிருக்கும். இரண்டு மூலைகளிலும் மெல்லிய குச்சி கட்டி, நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் போதும்.

கொக்கியைக் கோவையில் வேறொரு கடையில் பொருத்தினேன். அங்கே 2 அங்குல உருண்டை வைத்தார்கள், டிரெய்லரில் அதன் மேல் கவிழ்ந்து பூட்டும் கப்ளரோ 50 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, இருந்தும் தாழ்ப்பாள் முழுதாக விழாமல் பாதியில் நின்றது. மேலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே தெரிந்தது. மாட்டியவுடன் டிரெய்லரின் மூக்கில் இருக்கும் சிறு சக்கர ஜாக்கியைச் சுற்றி மூக்கை உயர்த்தி, இழுக்கும் வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழுகிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். என்னுடையது கழன்று மேலே வந்தது. உருண்டையை மாற்றிய பின்பும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

சமையல் மேடை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பகுதி. உயரம் சரியாக இருக்கிறது, தூக்கிய பின்கதவு வெயிலுக்கும் தூறலுக்கும் கூரையாகிறது. திருமூர்த்தி அணைப் பக்கம் குக்கரில் அரிசியும் பருப்பும் சாதம் வைத்து, கதவின் நிழலிலேயே நின்று சாப்பிட்டோம். காற்றடிக்கும்போது மட்டும் அடுப்பில் தீ நிலைப்பதில்லை. மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வைத்துக் கொடுத்திருக்கலாம். உள்ளே கூரையில் ஒரு மின்விசிறி, பக்கவாட்டில் இரண்டு ஜன்னல்கள். பங்குனி வெயிலில் பகலில் உள்ளே இருக்க முடியாது, இரவு பத்து மணிக்கு மேல் பரவாயில்லை.

மலை ஏற்றுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நான் அடிவாரத்தோடு திரும்பிவிட்டேன். ஏறுவதற்கு வண்டிக்குத் தெம்பு இருக்கலாம், இறங்கும்போது டிரெய்லர் இடைவிடாமல் கொக்கியை முட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் அதன் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்ற பயம்தான் காரணம். டீசல் வழக்கமாக லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தருவது, இழுக்கும்போது 12 ஆகிறது. காகித வேலைக்கும் நேரம் ஒதுக்குங்கள்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் வேண்டும், அதோடு இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லரில் எழுதியிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவுக்கு உரிய ஆவணங்களைத் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மீதமிருக்கும் குறை கதவு ரப்பர். ஆனைமலையில் ஆடிச் சாரல் இரவு முழுவதும் பெய்தபோது இடப்பக்கக் கதவின் கீழ் மூலையில் நீர் கசிந்து, மெத்தையின் ஒரு முனை நனைந்துவிட்டது. புகைப்படம் அனுப்பினேன். நல்ல ரப்பர் வந்தவுடன் மாற்றித் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். புரட்டாசியும் பாதி கடந்துவிட்டது, ஐப்பசி மழைக்குள் வராவிட்டால் நானே ஈரோட்டில் வாங்கி ஒட்டிக்கொள்வதாக இருக்கிறேன்.