‘எல்லாம் புதுசு’ என்று பில் போட்டுத் தந்த மெஷின் வாள்: திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் மெஷின் வாள் (செயின் சா) வைத்துப் பிழைப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மழை விட்டதும் பழைய ரப்பர் மூடுகளை (மரங்களை) முறிக்கிற வேலை தொடங்கிவிடும். பெரும்பாவூருக்குத் தடி ஏற்ற லாரி வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து வாள் படுத்துவிட்டால், இன்றைக்கே வேண்டும் என்று கடையில் போய் நிற்போம். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

இங்கே சொல்லப்போகிற மெஷின் 72 சிசி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 52 மில்லி மீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 34. அறுப்புக்கு நடுவில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து நின்றுபோனது. மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஒரு கடையில் கொடுக்கப்பட்டது. பெயர் வேண்டாம், ஒரு கடையோடு முடிகிற சங்கதி இல்லை இது. பில் 9,400 ரூபாய்: சிலிண்டர் கிட் (சிலிண்டரும் பிஸ்டனும்) 6,500, ஆயில் சீலும் கிராங்க் பேரிங்கும் 1,200, கூலி 1,700. கடை வாசலில் முறுக்கிக் காட்டியபோது ‘கீய்’ என்று காது கிழியும் சத்தம். நாலாம் நாள், ஆறு லிட்டர் பெட்ரோல்கூட ஓடியிருக்காது, மறுபடியும் பிடித்துவிட்டது. கேட்டதற்கு வந்த பதில் இது: “அண்ணாச்சி, நீங்க ஆயில் கம்மியா ஊத்தியிருப்பீங்க. எங்க வேலையில குத்தம் இல்ல.”

இந்தப் பதிலைக் கேட்டதும் பெரும்பாலும் வாயடைத்துப்போய்த் திரும்பிவிடுகிறோம். ஆனால் ஆயில் ஊற்றினோமா இல்லையா என்பதை இஞ்சினே சொல்லும். ஆயில் இல்லாமல் ஓடிய இஞ்சினில் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கமும் இன்டேக் (பெட்ரோல் கலவை உள்ளே வரும்) பக்கமும் சேர்ந்து உரசியிருக்கும், கிராங்க் அறை உலர்ந்து கிடக்கும். இந்த மெஷினைத் திறந்து பார்த்தால் உரசல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்தான். கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்கில் விரல் வைத்தால் எண்ணெய் வழுவழுவென்று ஒட்டியது. அப்படியென்றால் கலவையில் ஆயில் குறையவில்லை. காற்று எங்கோ கூடுதலாகப் போயிருக்கிறது.

எங்கிருந்து போனது என்பது, கிராங்கின் முனையில் சுற்றுகிற மேக்னெட் வீலைக் கழற்றியபோது தெரிந்தது. வீலுக்குப் பின்னால் மரத்தூளும் எண்ணெயும் கலந்து கறுத்து, அடை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு இடத்திலும் அது சுரண்டப்படவில்லை. மேக்னெட்டைக் கழற்றாமல் அந்தப் பக்க ஆயில் சீலை, அதாவது கிராங்கைச் சுற்றிக் காற்றை அடைக்கிற ரப்பர் வளையத்தை, மாற்ற வழியே கிடையாது. கழற்றியிருந்தால் இந்த அடை இப்படி முழுசாக இருக்காது. சீலின் உதடு நகத்தால் அழுத்தினால் அமுங்காத அளவுக்குக் கல்லாகிவிட்டிருந்தது. பேரிங் கதை அதைவிட மோசம். கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்காமல் பேரிங் மாற்ற முடியாது. இந்தக் கேஸின் இணைப்பில் கம்பெனி போட்ட பழைய கேஸ்கெட்டே அப்படியே இருந்தது. ஆக 1,200 ரூபாய்க்கு எதுவுமே செய்யவில்லை.

‘புது’ சிலிண்டர் என்பது பழைய சிலிண்டர்தான். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பைக்கின் இரும்பு ஸ்லீவ் மாதிரி இதைப் போர் பண்ணவோ தேய்க்கவோ கூடாது. மெஷின் வாள் சிலிண்டர் அலுமினியம், உள்சுவரில் நிக்கல் அல்லது குரோம் பூச்சு மெல்லிசாக இருக்கும், அவ்வளவுதான். எமரி அதைத் தாண்டிவிட்டால் அடியில் மிருதுவான அலுமினியம். எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல்விளிம்பில் ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூச்சு போய், மங்கின வெள்ளையாகத் தெரிந்தது. ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். பிடிக்காமல் என்ன செய்யும்?

பிஸ்டன் மட்டும் புதிது. எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லாதது. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்தால் வாய் இடைவெளி 0.9 மில்லி மீட்டர், இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பிஸ்டன் பின் வெளியே நழுவாமல் பிடிக்கிற பின் லாக்கின் திறந்த வாய் பக்கவாட்டைப் பார்த்துக் கிடந்தது, அது தப்பு. இன்டேக் ரப்பரில் ஒரு வெடிப்பு, அதன்மேல் எம்-சீல் (ஓட்டை அடைக்கிற பசை) அப்பியிருந்தது. ரப்பர் அதிர்ந்து வளைகிற சாமான், எம்-சீல் வளையாது. இரண்டே நாளில் ஓரம் விட்டுக் காற்று இழுக்கத் தொடங்கிவிடும்.

அந்தக் ‘கீய்’ சத்தத்துக்கு வருவோம், ஏமாறுகிற இடமே அதுதான். கார்புரேட்டரில் எச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறைந்து வேகம் எகிறும். வாசலில் நின்று கேட்பவருக்குப் புது இஞ்சின் மாதிரி இருக்கும். பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். ஏற்கெனவே சீலிலும் இன்டேக் ரப்பரிலும் காற்று கசிகிற இஞ்சினுக்கு இது போதும். சரியாக ட்யூன் பண்ணிய வாள், சும்மா முழு த்ராட்டில் கொடுக்கும்போது கொஞ்சம் கரகரவென்று தடுமாறும். மரத்தில் வைத்து அழுத்தினால் அந்தக் கரகரப்பு போய்ச் சத்தம் தெளியும். கடை வாசலில் சும்மா முறுக்கும்போதே கத்துகிற வாளைக் கையில் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்ய முடியுமா என்றால், கிராங்க் கேஸ் பிரிக்காத வரைக்கும் தாராளமாக முடியும். ஒரு நாள் வேலை. கிராங்கைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் போய்விட்டது, அதை மட்டும் பேரிங் அழுத்தும் பிரஸ் உள்ள இடத்தில் கூட நின்று மாற்றுங்கள். சி3 என்று எழுதிய பேரிங் வேண்டும். சாதா பேரிங் சூட்டில் இறுகிவிடும்.

மறுபக்க சீலை மாற்றக் கிளட்சைக் கழற்ற வேண்டும். அப்போது பலரும் செய்கிற தப்பு, பிளக் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவர் விட்டுப் பிஸ்டனைத் தடுப்பது. பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும். அதற்குப் பதில் பழைய ஸ்டார்ட்டர் கயிற்றை ஓட்டைக்குள் நுழையுங்கள். பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் துவாரத்தை மூடிய பிறகு விடுங்கள். முந்தி விட்டால் கயிறு துவாரத்தில் மாட்டி நறுக்குப்படும். கிளட்ச் எதிர் மரை, கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். மேக்னெட் நட் சாதாரண மரை.

சிலிண்டரில் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்து, அடியில் பூச்சு நன்றாக இருந்தால் புதுசு வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் காது குடையும் பஞ்சில் தொட்டு அந்த ஒட்டலில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். துடைத்து மறுபடி தடவுங்கள். நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது. துவார விளிம்பிலும் வெளிப்பக்கத்திலும் ஆசிட் படக் கூடாது, அங்கே இருப்பதும் அலுமினியம்தான், தின்றுவிடும். பிறகு நிறையத் தண்ணீர், சோடா உப்புக் கரைசல், உடனே எண்ணெய். அப்புறம் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற கோடு இருந்தால் அந்தச் சிலிண்டர் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்கு.

புது ரிங்கைப் போடுமுன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளக்க வேண்டும். போரை 0.004 ஆல் பெருக்குங்கள்: 52க்கு 0.2 மில்லி மீட்டர் வருகிறது. 0.2 முதல் 0.4 வரை சரி. ஒன்றை நெருங்கினால் அந்த ரிங் வேண்டாம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், காடியில் உள்ள சின்ன ஊசிமேல் உட்கார வேண்டும். பின் லாக் எப்போதும் புதுசு, வாய் மேலேயோ கீழேயோ. பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் அதிர்வில் வாய் சுருங்கிக் காடியை விட்டுத் தெறிக்கும், அது தெறித்தால் சிலிண்டரும் போகும்.

சிலிண்டரை மாட்டியதும், பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே 1.5 மில்லி மீட்டர் ஈயக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாகச் சுவரைத் தொடும்படி விட்டு, கிராங்கை ஒரு சுற்று சுற்றி எடுங்கள். நசுங்கிய முனை 0.5 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அடிக் கேஸ்கெட் தடிமன் போதவில்லை.

இனி, எந்தக் கடையிலும் கண்ணில் படாத வேலை: காற்றுக் கசிவுச் சோதனை. சைலன்சருக்கு அடியிலும் கார்புரேட்டருக்கு அடியிலும் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்கி அடையுங்கள். பிளக்கை மாட்டுங்கள். கார்புரேட்டருக்கு அழுத்தம் கொடுக்கும் இம்பல்ஸ் குழாய் வழியாகக் காற்று கொடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் கைப்பம்பும் வட்ட மீட்டரும் இதற்குப் போதும். கம்பெனிக் கணக்கு 0.5 பார், 20 விநாடி நிற்க வேண்டும். இந்த மீட்டரின் உச்சம் 300, அது 0.4 பார்தான், ஆனாலும் வீட்டுச் சோதனைக்கு அது போதும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆனால் அழுத்தம் கொடுத்து மட்டும் பார்த்தால் சீல் தப்பித்துவிடும். சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால் அழுத்தம் அதைச் சாஃப்டோடு ஒட்டவைக்கும், இழுவைதான் அதைப் பிரித்துக் காட்டும். அதனால் கை வேக்குவம் பம்பால் 0.5 பார் வரை இழுத்து, 20 விநாடியில் 0.3க்குக் கீழே போகாமல் நிற்கிறதா பாருங்கள். நம் கதாநாயக மெஷினில் முள் நாலே விநாடியில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

மீதி சுலபம். இக்னிஷன் காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு, அதாவது 0.2 - 0.3 மில்லி மீட்டர். பிளக் இடைவெளி 0.5. த்ராட்டிலைத் திறந்து வைத்துக் கயிற்றை ஐந்தாறு தடவை இழுத்தால் கம்ப்ரஷன் மீட்டரில் 150 பிஎஸ்ஐ பக்கம் வர வேண்டும், 110க்குக் கீழே என்றால் எங்கோ பிழை. எச், எல் (குறைந்த வேகத்துக்கானது) ஸ்க்ரூக்களை மெதுவாக மூடி ஒரு சுற்று திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள், பிறகு நுணுக்கமாகச் சரி செய்துகொள்ளலாம்.

கலவையில் கணக்கு தப்பக் கூடாது. மெஷின் கம்பெனி ஆயில் என்றால் 1:50, லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண டூ டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் 1:25, லிட்டருக்கு 40 மில்லி. மூடியில் கண்மதிப்பாக ஊற்றுகிற பழக்கத்தை விட்டு, மருந்துக் கடை சிரிஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், நம்மூர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், வேலை இல்லாத மாதங்களில் டாங்கைக் காலி பண்ணி, நிற்கிற வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் கார்புரேட்டர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு) விறைத்து, மறுபடியும் பெட்ரோல் குறைவு, மறுபடியும் அதே எக்ஸாஸ்ட் பக்க உரசல்.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், கொடுக்கும் முன் பழைய சிலிண்டரின் வெளியே, காற்றுத் தகடுகளுக்கு நடுவே ஒரு ஆணியால் சின்னக் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னெட் நட்டின்மேல் நகச்சாயம் ஒரு சொட்டு. சீல் மாற்றியதாகச் சொன்னால் அந்தச் சொட்டு உடைந்திருக்க வேண்டும். மாற்றிய எல்லாப் பழைய சாமான்களையும் கேட்டு வாங்குங்கள், ‘தூக்கிப் போட்டாச்சு’ என்றால் கூலியில் கை வையுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம், சாமான் பெயரும் எண்ணும் எழுதிய பில்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ‘வியாபாரத்துக்கு வைத்திருக்கிற மெஷின், நீ நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வைத்திருப்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, புகாரில் அதை எழுதிவிடுங்கள். இந்த மெஷினின் சிலிண்டர், கல்லான சீல், எம்-சீல் அப்பிய ரப்பர் மூன்றும் தனித்தனிக் கவரில், பில் நகலோடு பத்திரமாக இருக்கின்றன.